அப்பீல் இல்லாத தீர்ப்பு

குற்றம் செய்யாதவன் மீது பழி சுமத்தப்பட்டாலும் உண்மை என்றாவது ஒருநாள் வெளிவந்தே தீரும் என்றும், நியாயஸ்தலம் அவனை விடுவிக்கும்போது போன மானமும் கூடவே திரும்பி வந்துவிடும் என்றும், ஆகையால் இடைக்காலத்தில் ஊரார் அவனைச் சந்தேகித்தது பெரிய பாதகம் ஆகாது என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மவரிடையே ஆழமாக வேரூன்றி இருக்கிறது. படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள், படியாதவர்களும் சொல்கிறார்கள். வழக்கு நடந்த காலத்தில் 'போலீஸ்காரன் சும்மாவா பிடிப்பான்?' என்று கேட்டவர்களே, விடுதலைச் செய்தி வந்ததும் 'பார்த்தீர்களா, சத்தியம் ஜயித்துவிட்டது' என்று சொல்லி ஆறுதல் அடைகிறார்கள். இந்த ஆறுதல் பொய்யானது என்பதும், பொய்யாக இருப்பதோடு நில்லாமல் அடுத்து நிகழவிருக்கும் அநியாயத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு வழங்கிவிடுகிறது என்பதும் என்னுடைய உறுதியான எண்ணம்.

நம்மவரின் அந்த அபிப்பிராயத்துக்கு அத்தாட்சியாக இக்காலத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணனின் சரித்திரம். நாகர்கோவிலில் பிறந்து, மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராக்கெட் சாஸ்திரம் பயின்று திரும்பிய அவர், தேசத்துரோகி என்ற அபவாதத்துக்கு ஆளாகிச் சிறை சென்றார், வழக்காடினார், 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது, அடுத்த ஆண்டே பத்மபூஷண் விருது வந்தது, 2022-இல் அவர் வாழ்க்கை திரைப்படமாகவும் வந்து, பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். கதை மங்களமாக முடிந்துவிட்டதென்று நினைத்துக் கொட்டகையிலிருந்து எழுந்து வருகிறோம். அப்படி முடிந்துவிடவில்லை என்பதை, அந்த வழக்கின் காலவரிசையையும், அதில் அகப்பட்ட மற்றவர்களின் கதியையும் சற்றுப் பொறுமையாகப் பார்க்கிற எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

1994-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாக வெற்றிகரமாக உயர்ந்தது. அதன் இரண்டாம் கட்டத்தை உந்திச் சென்ற விகாஸ் எஞ்சின், பிரெஞ்சு நாட்டின் வெர்னான் நகரில் நம்பி நாராயணனும் அவருடைய தோழர்களும் ஆண்டுக்கணக்காக இருந்து கற்றுக்கொண்டு வந்த வித்தையின் பலன். அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், ஐந்தாம் நாள், திருவனந்தபுரத்தில் மரியம் ரஷீதா என்ற மாலத்தீவுப் பெண்மணி, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கினார் என்ற குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டார். தங்கும் அனுமதியை நீட்டித்துத் தரும்படி காவல்துறை அலுவலகத்துக்குத் தாமே சென்று கேட்டவர் அவர். நவம்பரில் அது அந்நியர் சட்ட வழக்கு என்ற நிலையிலிருந்து அரசாங்க இரகசியங்கள் சட்ட வழக்காக வளர்ந்தது. அவருடைய தோழி ஃபௌசியா ஹசன், இஸ்ரோவைச் சேர்ந்த சசிகுமாரன், ரஷ்ய நிறுவனமாகிய கிளாவ்காஸ்மாஸின் இந்தியப் பிரதிநிதி சந்திரசேகர், பெங்களூர் ஒப்பந்தக்காரர் எஸ். கே. சர்மா என்று ஒவ்வொருவராகச் சேர்க்கப்பட்டு, நவம்பர் 30-ஆம் தேதி நம்பி நாராயணனும் கைதானார். இந்தியாவின் ராக்கெட் இரகசியங்களை, குறிப்பாகக் கிரையோஜெனிக் எஞ்சினின் இரகசியத்தை, இவர்கள் பாகிஸ்தானுக்கு விற்றுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு.

இந்தக் குற்றச்சாட்டின் உள்ளடக்கத்தை ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். கிரையோஜெனிக் தொழில்நுட்பம் அன்று இந்தியாவின் கையில் இல்லவே இல்லை. 1991-இல் அதைத் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்ட ரஷ்யா, அமெரிக்காவின் நிர்ப்பந்தத்தால் 1993-இல் பின்வாங்கி, எஞ்சின்களை மட்டும் தருகிறேன், செய்யும் வித்தையைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டது. நம் நாட்டார் தாமே செய்த கிரையோஜெனிக் எஞ்சின் வெற்றிகரமாகப் பறந்தது 2014-ஆம் ஆண்டு ஜனவரியில். அதாவது திருடி விற்றுவிட்டார்கள் என்று சொல்லப்பட்டதற்கு இருபது ஆண்டு கழித்து. இல்லாத பொருளை எப்படி விற்க முடியும் என்ற கேள்வியைக் கேட்பதற்கு ராக்கெட் சாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. போகட்டும், விகாஸ் எஞ்சினின் வரைபடங்களையே ஒருவன் மூட்டை கட்டிக்கொண்டு போனான் என்று வைத்துக்கொண்டாலும், பயிற்சி பெற்ற நூற்றுக்கணக்கான மனிதர்களும் ஆலைகளும் சோதனைக் களங்களும் இல்லாமல் காகிதத்திலிருந்து எஞ்சின் பிறக்காது என்பதை, அந்த வித்தைக்காகப் பிரான்சுக்கு ஆட்களை அனுப்பிக் காத்திருந்த நம் தேசம் மற்ற எவரையும்விட நன்றாக அறிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்களில் கேள்வி கேட்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. அந்நிய தேசத்துப் பெண்கள், விஞ்ஞானிகள், பாகிஸ்தான் என்ற மூன்று சொற்கள் ஒரே செய்தியில் சேர்ந்துவிட்டன; அதற்கு மேல் ஆதாரம் எதற்கு என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். கேரளப் பத்திரிகைகள் பல, நாளுக்கு ஒரு புதுச் சம்பவமாகத் தொடர்கதை போல எழுதின. காங்கிரஸ் கட்சியின் கோஷ்டிப் பூசலுக்கும் வழக்கு ஆயுதமாயிற்று. 1995 மார்ச்சில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது.

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுப்பங்கரையில் உண்மையாக இருக்கும் அந்தப் பழமொழி மனிதர்களின் நடவடிக்கைகளில் உண்மையாக இருப்பதில்லை. மனிதர் விஷயத்தில் வதந்தி முந்திக்கொண்டு பிறக்கிறது. அது பிறந்த பிறகு, அதற்கு ஏற்ற காரணத்தைத் தேடிக்கொண்டு போகிறவர்கள், சாதாரணமான செய்கைகளையெல்லாம் சாட்சியமாக மாற்றிவிடுகிறார்கள். அந்த நவம்பர் மாதத்தின் முதல் தேதியன்று நம்பி நாராயணன் விருப்ப ஓய்வு கேட்டு விண்ணப்பித்திருந்தார். எத்தனையோ உத்தியோகஸ்தர்கள் செய்கிற காரியம் அது. ஆனால் சந்தேகக் கண்ணுக்கு அது தப்பியோடும் ஏற்பாடாகத் தெரிந்தது. தொலைபேசியில் ஒருவர் எண் மற்றவர் குறிப்பில் இருந்தால் அது சதி. அந்நிய நாட்டாரோடு பேசியிருந்தால் அது பேரம். பேசாமலிருந்தால் கள்ள மௌனம். சந்தேகத்துக்கு உட்பட்டவன் எதைச் செய்தும் அதிலிருந்து வெளியேற முடியாது என்பதே அதன் லட்சணம். அழுதால் நடிப்பு, அழாவிட்டால் நெஞ்சழுத்தம்.

இங்கே ஒரு நியாயமான ஆக்ஷேபணை எழக்கூடும். சந்தேகப்படாமல் குற்றத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, துப்பறிகிறவர்கள் எல்லோரையும் சாதுக்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் நாடு என்ன ஆகும் என்று கேட்கலாம். கேள்வி சரியானது. ஆனால் துப்பறிகிறவரின் சந்தேகம் வேறு, ஊராரின் சந்தேகம் வேறு. முன்னதற்கு எல்லை உண்டு. பிடிக்கப்பட்டவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 22-ஆம் விதி கட்டளையிடுகிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு விரோதமாக நிரூபிக்கலாகாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25-ஆம் பிரிவில் விலக்கிவைத்தது. சமீபத்தில் வந்த புதிய சட்டமும் அதை அப்படியே காப்பாற்றி இருக்கிறது. இந்த நாட்டை அடக்கி ஆண்ட அந்நிய அரசாங்கமே தன் சொந்தப் போலீஸ் வாங்கிவந்த வாக்குமூலத்தை நம்ப மறுத்தது என்றால், அதற்குப் பின்னால் எத்தனை கசப்பான அனுபவம் இருந்திருக்க வேண்டும்! ஆனால் எந்த வாக்குமூலத்தை நீதிபதி கையால் தொடக்கூடாதென்று சட்டம் தடுக்கிறதோ, அதே வாக்குமூலத்தை நாம் காலைக் காப்பியோடு பத்திரிகையில் படித்து, இரவுக்குள் தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். நியாயஸ்தலத்தின் தீர்ப்பு தவறானால் அப்பீல் உண்டு, அதற்கு மேலும் அப்பீல் உண்டு. ஊராரின் தீர்ப்புக்கு எந்தக் கச்சேரியில் போய் அப்பீல் செய்வது? அதை வழங்கியவர் யார் என்று பெயர் சொல்ல முடியாது. வழங்கிய தேதியைச் சொல்ல முடியாது. ரத்து செய்யும் அதிகாரம் படைத்தவர் ஒருவரும் இல்லை.

இனி, ஜயித்தது என்று சொல்லப்படுகிற சத்தியம் எப்படி நடந்து வந்தது என்பதைப் பார்ப்போம். 1994 டிசம்பர் மாதமே வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. சிறையில் ஐம்பது நாள் கழித்து, 1995 ஜனவரியில் நம்பி நாராயணன் ஜாமீனில் வந்தார். குற்றச்சாட்டு பொய், இரகசியம் எதுவும் களவு போனதற்கு ஆதாரமில்லை என்று மத்தியப் புலனாய்வுத் துறை அறிக்கை கொடுத்தது. 1996 மே மாதம் எர்ணாகுளம் நீதிமன்றம் அதை ஏற்று ஆறு பேரையும் விடுவித்தது. சத்தியம் ஜயித்திருக்க வேண்டிய நாள் அது. ஆனால் அடுத்த மாதமே மாநில அரசு மறுபடியும் விசாரிக்க உத்தரவிட்டது. அந்த உத்தரவு செல்லாதென்று 1998 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 2001-இல் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதையும் எதிர்த்து அரசு வழக்காடி, 2012-இல் உயர் நீதிமன்றம் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று உத்தரவிட்டது. இதற்கிடையில், 2001-லேயே, நம்பி நாராயணன் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ராக்கெட் எஞ்சின் செய்யத் தெரிந்த மனிதர் கடைசி ஆண்டுகளை மேஜை முன் கோப்பு பார்த்துக் கழித்தார். 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது கைது நடந்து ஏறக்குறைய 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1996-இல் நீதிமன்றமே விடுவித்த பிறகும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு மனிதர் தாம் துரோகி அல்ல என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது என்றால், அது எதனால்? சட்டம் அவரை விட்டுவிட்டது, சந்தேகம் விடவில்லை. விடுதலை ஆனவனைப் பார்த்து 'சாட்சி போதாமல் தப்பித்துவிட்டான்' என்று சொல்கிற வழக்கம் நம்மிடம் இருக்கும்வரை எந்த விடுதலைத் தீர்ப்பும் பாதித் தீர்ப்புதான்.

இது அதிர்ஷ்டசாலியின் கதை. மற்றவர்களின் கதை என்ன? கிளாவ்காஸ்மாஸ் பிரதிநிதியான சந்திரசேகர், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வெளிவந்த நாளில் பெங்களூர் மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்தார். இரண்டு நாளில், தீர்ப்பு என்னவென்று அறியாமலே, இறந்துபோனார். ஒப்பந்தக்காரர் சர்மா அந்த ஆண்டு முடிவதற்குள் புற்றுநோயால் மரணமடைந்தார். மாலத்தீவுப் பெண்கள் இருவரும், விஞ்ஞானிகள் சில வாரங்களில் ஜாமீனில் வெளியேறிய பிறகும், நீதிமன்றம் விடுவித்த பிறகும், தொடர்ந்து சிறையில் வைக்கப்பட்டார்கள்; ஃபௌசியா ஹசன் மீண்டும் சுதந்திரமாக நடக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவர் பிற்காலத்தில் தம் நாட்டுத் திரைப்படங்களில் நடித்துப் பெயர் பெற்றார். 2022-இல் இலங்கையில் காலமானார். நம் நாட்டில் அவரைப் பற்றி எழுதியவர்கள் அவரை என்னவாக வர்ணித்தார்கள் என்பதை இங்கே திருப்பிச் சொல்ல என் பேனா இடங்கொடுக்கவில்லை. வேவுக்காரி என்ற குற்றச்சாட்டையாவது ஒரு நீதிமன்றம் பொய்யென்று தள்ளியது. ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி வாரக்கணக்கில் அச்சேறிய அவதூறுகளைத் தள்ளுவதற்கு எந்த நீதிமன்றமும் கூடவில்லை. இழப்பீடும் விருதும் திரைப்படமும் ஒருவருக்கே கிடைத்தன. அவர் அவற்றுக்கு முழுவதும் தகுதியுள்ளவர், அவருக்குக் கொடுத்தது போதாது என்றே சொல்வேன். ஆனால் ஆறு பேருக்கு நேர்ந்த ஓர் அநியாயத்தில் ஒருவருக்குக் கிடைத்த பரிகாரத்தைக் காட்டி, நியாயம் நிலைநின்றது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்த இடத்தில்தான் நமது பொது அபிப்பிராயத்தின் ஆழத்தில் கிடக்கும் பெருந்தவறு வெளிப்படுகிறது. 'இவ்வளவு பெரிய விஞ்ஞானியைப் போய்ச் சந்தேகித்தார்களே!' என்று நாம் பரிதாபப்படுகிறோம். அந்தப் பரிதாபத்தில் நல்ல மனசு இருக்கிறது. ஆயினும் அதற்குள் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. பெரியவராக இருந்ததனால் அவர் நிரபராதி ஆகிவிடவில்லை. குற்றம் செய்யாததனால் அவர் நிரபராதி. அந்தக் காரணம், அனுமதியை நீட்டிக்கக் கேட்டுப்போன ஒரு பெண்மணிக்கும், ஒப்பந்த வேலை எடுத்துப் பிழைத்த ஒரு மனிதருக்கும் இம்மியும் குறையாமல் பொருந்தும். பெருமையை ஆதாரமாக வைத்துக் களங்கத்தைத் துடைக்கும் வழக்கம் வந்துவிட்டால், பெருமை இல்லாதவன் என்ன செய்வான்? நகை காணவில்லை என்றதும் முதலில் பிடிபடுகிற வீட்டு வேலைக்காரிக்கு, வெளியூரிலிருந்து கூலி வேலைக்கு வந்து, குழந்தை திருட வந்தவன் என்று வீதியில் கட்டிவைத்து அடிக்கப்படுகிறவனுக்கு, எந்தப் பத்மபூஷண் வரப்போகிறது? அவனுக்காகப் படம் எடுப்பார் இல்லை, உச்ச நீதிமன்றம்வரை நடக்க அவனுக்குக் காசும் இல்லை, ஆயுளும் இல்லை. 'சத்தியம் ஜயிக்கும்' என்பது, ஜயிக்கும்வரை காத்திருக்கத் திராணியுள்ள ஒருவரைப் பார்த்துக் காத்திருக்க இயலாத ஆயிரம் பேரைப் பற்றி நாம் செய்துகொண்ட தீர்மானம்.

அநியாயமாகக் கொலையுண்ட கோவலனின் வழக்கில், தன் பிழை தெரிந்த அக்கணமே பாண்டியன் உயிர்விட்டான் என்று காவியத்தைச் சொல்லி மேடையில் பெருமைப்படுகிறோம். உயிர்விட வேண்டாம், எழுதியது தவறு என்று, எழுதிய அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிட்ட பத்திரிகை எத்தனை? கைதுச் செய்தி முதற் பக்கத்தில் படத்தோடு வருகிறது. விடுதலைச் செய்தி, வந்தால், உள்ளே எங்கோ நாலு வரியில் வருகிறது. முதலாவதைப் படித்த நூறு பேரில் இரண்டாவதைப் பார்க்கிறவர் சிலரே. மற்றவர் மனசில் அந்த மனிதன் சாகும்வரை கைதிதான்.

இதை எழுதும்போது என் கொள்கைக்கே ஒரு சோதனை எதிரில் நிற்பதையும் சொல்லிவிட வேண்டும். 2021-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி, இந்த வழக்கை ஜோடித்தவர்கள் யார் என்ற விசாரணை தொடங்கியது. 2024-இல் முன்னாள் அதிகாரிகள் சிலர் மீது மத்தியப் புலனாய்வுத் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அது வெளியானதும், மரியம் ரஷீதாவைப் பற்றி 1994-இல் எந்த உற்சாகத்தோடு பேசினார்களோ, அதே உற்சாகத்தோடு அந்த அதிகாரிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதைக் கண்டேன். நிரபராதிகளுக்காக மனம் கொதித்தவர்களே அதில் முன்னின்றார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நியாயஸ்தலத்தில் குற்றம் நிரூபணமாகும்வரை அந்த அதிகாரிகளும் நிரபராதிகளே. அவர்களுடைய பெயரை இங்கே எழுதாமல் விட்டதும் அதற்காகவே. அவர்கள் செய்ததாகச் சொல்லப்படுவது உண்மையானால் அது கொடிய குற்றம். தண்டனை கடுமையாக இருக்கட்டும். ஆனால் நமக்குப் பிடிக்காத மனிதன்மேல் வருகிற குற்றச்சாட்டிலும் தீர்ப்புக்குக் காத்திருக்க முடியாதவன், பிடித்த மனிதனுக்காகக் காத்திருந்ததில் கொள்கை ஏதும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

இனிப் பரிகாரம் என்று ஒன்று உண்டென்றால், அது விருதிலும் திரைப்படத்திலும் இல்லை, சட்டத்தில் இருக்க வேண்டும். பொய்யாக வழக்குத் தொடரப்பட்டவர்களுக்கு இழப்பீடும் மறுவாழ்வும் உரிமையாகக் கிடைக்கத் தனிச் சட்டம் இயற்ற வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் தனது 277-ஆவது அறிக்கையில் சிபாரிசு செய்தது. அது வந்தது 2018 ஆகஸ்டு கடைசியில், நம்பி நாராயணன் தீர்ப்புக்கு இரண்டு வாரம் முன்னால். அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியவர்கள் எவரும் அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு சட்டசபைக் கதவையோ பாராளுமன்றக் கதவையோ தட்டியதாகத் தெரியவில்லை. குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் 1979-இல் சேர்ந்தபோதே, சட்டவிரோதமாகக் கைதானவர் இழப்பீட்டை உரிமையாகக் கோருவதற்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை என்று நம் அரசாங்கம் தனியாகக் குறிப்பு எழுதிக்கொடுத்தது. அந்தக் குறிப்பை அது இன்னும் திரும்பப் பெறவில்லை. போதிய காரணமில்லாமல் ஒருவரைப் போலீசாரிடம் பிடித்துக்கொடுத்தவன் தரவேண்டிய நஷ்டஈடு ஆயிரம் ரூபாய்க்கு மேற்படலாகாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வரம்பு கட்டியிருந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 399-ஆவது பிரிவிலும் அதே ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது. இழப்பீட்டுச் சட்டம் வர வேண்டும். விடுதலையான மறுநாளே, மனுப்போட்டு அலையாமல், அரசே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். கைதை அறிவித்த அதிகாரியே விடுதலையையும் அதேபோல் அறிவிக்க வேண்டும். மாலத்தீவுக்கு ஒரு கடிதமும் போக வேண்டும். அந்த இரு பெண்களையும் இந்திய அரசு தவறாகச் சிறை வைத்தது என்று, ஒருவர் மாண்டுவிட்டதால் அவருடைய பிள்ளைகளுக்கும், மற்றவருக்கு நேரடியாகவும், முத்திரை போட்ட காகிதத்தில் எழுதி அனுப்ப வேண்டும்.